கண் காணாத புகை



நெருப்பைப் பற்றி உங்களோடு சில நிமிடங்கள் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் பொறியாளன் அல்லன். கொதிகலன்களோடு வாழ்ந்தவனும் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று அறிவியல் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆகவே இன்று நான் சொல்லப்போவது ஒரு நிபுணரின் விரிவுரை அன்று. பல ஆண்டுகள் பிழையாகக் கற்பித்து, என் வீட்டிலேயே நேர்ந்த ஒரு விபத்தினால் திருத்திக்கொண்ட பாடம் அது.

என் ஊர் நெல்லிக்குப்பம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே கரும்பு வயல்கள் சூழ்ந்த ஊர். 1840களில் இங்கே தொடங்கப்பெற்ற சர்க்கரை ஆலை, ஈ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் ஆலையாக நாடறிந்தது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தே அரவைக் காலம் தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்வோம். புகை கறுத்திருந்தால் நெருப்பு சரியில்லை என்றும், வெளுத்திருந்தால் நன்றாக எரிகிறது என்றும் பெரியவர்களைப் போலத் தீர்ப்புக் கூறுவோம். வீட்டிலும் அப்படியே. விறகு புகைந்தால் அம்மா ஊதுகுழலை எடுப்பார். சுடர் பளிச்சென்று எழுந்துவிட்டால் எல்லாம் நலம் என்று குழலை வைத்துவிடுவார். நெருப்பை அளக்க எங்களுக்கு இருந்த கருவி கண் ஒன்றுதான்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் பழமொழியை வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது நெருப்புக்கும் பொருந்தும் என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் குளியலறையில் ‘கேஸ் கீசர்’ என்று எல்லாரும் வழங்கும் வெந்நீர்க் கருவி ஒன்றைப் பொருத்தினோம். பொருத்த வந்தவர், “வெளிச் சுவரில் வைத்தால் குழாய் நீளும், செலவு கூடும். உள்ளேயே வைத்துவிடலாமா?” என்று கேட்டார். நானும் சரி என்றேன். என் மனைவிதான், “மூடின அறைக்குள் நெருப்பு எரியலாமா?” என்று தயங்கினாள். நான் கீசரின் சிறு துளையைக் காட்டி, “பார், நீலச் சுடர். புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. நீலச் சுடர் என்றால் எரிபொருள் முழுவதும் எரிகிறது என்பது பாடம்” என்றேன். ஆசிரியனின் சொல்லுக்கு வீட்டிலும் மதிப்பு உண்டு. அவள் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மார்கழி வந்தது. பனிக்கு அஞ்சிக் குளியலறைச் சாளரத்தை அட்டை வைத்து அடைத்தோம். “குளித்துவிட்டு வந்தால் தலை கனக்கிறது” என்று அவள் இரண்டு மூன்று நாட்கள் சொன்னாள். ஈரத்தலையும் பனிக்காற்றும் காரணம் என்று இருவருமே எண்ணிக்கொண்டோம். ஒருநாள் விடியற்காலையில் உள்ளே தண்ணீர் கொட்டும் ஓசை நிற்கவே இல்லை. அழைத்தேன்; மறுமொழி வரவில்லை. தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போனால், அவள் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தாள். நானும் மகனும் தூக்கி வந்து திண்ணையில் கிடத்தினோம். வெளிக்காற்று பட்டுச் சில நிமிடங்களில் கண் விழித்தாள். மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறதா?” என்பதுதான். உடனே பிராணவாயு கொடுத்தார்கள். அவள் பிழைத்தாள். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு நடுங்குகிறது.

அவளை வீழ்த்தியது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. நம் குருதியில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்னும் பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பிணைந்துகொள்ளும். சுமையாளின் தோளில் வேறொரு மூட்டை ஏறி உட்கார்ந்துகொண்டால், நம் மூட்டைக்கு இடம் ஏது? தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி, அறிவு தெளிவாகச் சிந்திக்கும் முன்பே கால்கள் தளர்ந்துவிடும்.

செய்தி அறிந்து என் பழைய மாணவர் ஒருவர் பார்க்க வந்தார். ஆலைகளின் கொதிகலன்களைச் சோதிப்பது அவர் தொழில். தோள்பையிலிருந்து தடித்த அகராதியின் அளவுள்ள கருவி ஒன்றை எடுத்தார். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். அதன் முனையில் ஒரு முழ நீளமுள்ள உலோகக் குழல். ‘கம்பஷன் அனலைசர்’ என்று தொழிலகங்களில் இதனைச் சொல்கிறார்கள். எரிதலை ஆயும் கருவி என்று நாம் கொள்ளலாம்.

அவர் நேரே குளியலறைக்குப் போகவில்லை. முதலில் முற்றத்தில் நின்று கருவியை இயக்கினார். பிராணவாயு 20.9 சதவிகிதம், கார்பன் மோனாக்சைடு சுழி என்று காட்டியது. “வெறுந்தட்டில் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதுபோல, ஐயா. தூய காற்றில் சரியாகச் சொல்லாத கருவி புகையில் என்ன சொல்லும்?” என்றார். நான் கற்பித்த பிள்ளையிடம் நான் மாணவனானேன்.

பிறகு சாளரத்தையும் கதவையும் திறந்துவைத்து, கீசரை இயக்கி, அதன் மேற்புறத்தில் வெப்பக்காற்று வெளிவரும் வாயில் குழல் முனையை வைத்தார். எண்கள் ஓடி ஓடி நிலைத்து நிற்கும் வரை காத்திருந்தார். பிராணவாயு 13.9 சதவிகிதம், கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 200 பங்கு. “இருநூறுதானா?” என்று நான் ஆறுதல் அடைந்தேன். அவர் தலையசைத்தார்.

“குழம்பில் உப்பு மிகுந்தால் தண்ணீர் ஊற்றுகிறோம். நாக்குக்கு உப்புக் குறைகிறது. பாத்திரத்தில் உப்புக் குறையவில்லை. இந்தப் புகையில் எரியாத காற்று நிறையக் கலந்திருக்கிறது. பிராணவாயு 13.9 என்பதே அதற்குச் சாட்சி. அந்தக் காற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும்” என்று சொல்லி ஒரு தாளில் கணக்குப் போட்டார். 20.9இலிருந்து 13.9ஐக் கழித்தால் 7. 200ஐ 20.9ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 600. கணக்கின்படி நச்சு வாயு 600 பங்கு. நீரூற்றிய குழம்பைப்போல 200 என்று அது வேடமிட்டிருந்தது. ஓர் எண்ணை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்ளலாகாது. இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அன்று நான் கற்ற முதல் பாடம்.

அடுத்து, கீசர் எரிந்துகொண்டிருக்கக் கதவையும் சாளரத்தையும் மூடிவிட்டுக் குழலை மட்டும் கதவின் இடுக்கு வழியாக உள்ளே நீட்டினார். நாங்கள் வெளியே நின்றோம். அறைக் காற்றில் நச்சு வாயு முதலில் சுழி. மூன்று நிமிடத்தில் 40. ஆறு நிமிடத்தில் 180. எண் 250ஐத் தொட்டதும் அவர் எரிவாயு உருளையை அடைத்துவிட்டார். அப்போதும் சுடர் நீலமாகவே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீலச் சுடரிலிருந்து நஞ்சு எப்படி வந்தது? உள்ளே இருந்த செப்புத் தகடுகளுக்கு இடையே தூசும் நூலாம்படையும் அடைத்திருந்தன. காற்று செல்ல வழி குறைந்தது. சுடர் எரிந்து முடியும் முன்பே குளிர்ந்த தகட்டில் மோதியது. பாதி வழியில் குளிர்ந்த சுடர் பாதி எரிந்த வாயுவையே தரும். அறை மூடியிருந்ததால், கீசர் தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் இழுத்து எரித்தது.

கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுவதும் எரிய 15 கிலோவுக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். கால்மணி நேரக் குளியலுக்கு அத்தகைய கீசர் ஏறத்தாழக் கால் கிலோ எரிவாயுவைச் செலவிடும். அதற்கு நான்கு கிலோ காற்றுத் தேவை. எங்கள் குளியலறை ஆறடி நீளம், நான்கடி அகலம், எட்டடி உயரம். அதில் அடங்கும் காற்று முழுவதும் ஆறு ஏழு கிலோவே. பாதிக்கு மேற்பட்ட காற்றை நெருப்பு உண்டுவிட்டால், மனிதருக்கு எது மிச்சம்? இந்தப் பெருக்கல் ஏழாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடியது. நான் செய்யவில்லை.

இந்தக் கருவி எவ்வாறு அளக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு சிறு பம்பு புகையை உறிஞ்சுகிறது. வழியில் புகையின் ஈரம் ஒரு கிண்ணத்தில் வடிந்துவிடும்; கரித்தூளை வடிகட்டி தடுத்துவிடும். பின்பு வாயு, மின்கலம் போன்ற சிறு அறைகளை அடைகிறது. ஒன்றில் பிராணவாயுவும் மற்றொன்றில் கார்பன் மோனாக்சைடும் வேதிவினை புரிந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். வாயு எவ்வளவோ, மின்னோட்டம் அவ்வளவு. குழலின் முனையில் இருவேறு உலோகக் கம்பிகள் இணைந்திருக்கும். சூடேறினால் அங்கும் சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் ஸீபெக் என்பவர் கண்ட இந்த விளைவைக் கொண்டே புகையின் வெப்பநிலை அறியப்படுகிறது.

என் மாணவர் நாள்தோறும் இதனைப் பயன்படுத்தும் இடம் குளியலறை அன்று, ஆலைக் கொதிகலன். கரும்பைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையே சர்க்கரை ஆலைகளின் எரிபொருள். நூறு டன் கரும்பிலிருந்து முப்பது டன் அளவுக்குச் சக்கை கிடைக்கும். அதிலும் பாதி நீர். இத்தகைய ஈர எரிபொருளுக்குக் காற்றை அளந்து ஊட்டுவது எளிதன்று. காற்றுக் குறைந்தால் கரி அரைகுறையாக எரியும். ஒரு கிலோ கரி முழுவதும் எரிந்து கரியமில வாயுவானால் ஏறத்தாழ 7,800 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும்; கார்பன் மோனாக்சைடாக நின்றுவிட்டால் 2,200தான். மீதி வெப்பம் பயன்படாமல் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. காற்று மிகுந்தாலோ, தேவையில்லாத காற்றையெல்லாம் சுடவைத்து வானத்துக்கு அனுப்புகிறோம். புகையில் பிராணவாயு 4 சதவிகிதம் இருந்தால் மிகைக்காற்று ஏறத்தாழ 24 சதவிகிதம். அதுவே 10ஆக இருந்தால் 92 சதவிகிதம். இரண்டு புகையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றலாம். பெரிய கொதிகலன்களில் நிலையாகப் பொருத்திய அளவிகளும் உண்டு. அவை மெய் சொல்கின்றனவா என்று சோதிக்கவும் இந்தக் கைக்கருவி உதவுகிறது.

இவ்வாறு அளக்கும் முயற்சி புதிதன்று. 1870களில் பாரிஸ் நகரில் ஓர்சாட் என்பவர் அமைத்த கருவி, மரப்பெட்டிக்குள் அடங்கிய கண்ணாடிக் குழல்களின் தொகுதி. என் கல்லூரி நாட்களில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அதனைக் கண்டிருக்கிறேன். நூறு மில்லிலிட்டர் புகையை எடுத்து, முதலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் செலுத்தினால் கரியமில வாயு கரைந்துவிடும். அடுத்துப் பைரோகலால் கரைசல் பிராணவாயுவை வாங்கிக்கொள்ளும். கடைசியில் குப்ரஸ் குளோரைடு கார்பன் மோனாக்சைடை ஏற்கும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பொறுமையுள்ளவருக்கே அது பலன் தரும். சுரங்கத் தொழிலாளருக்கு அந்த வசதியும் இல்லை. 1890களில் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர், சுரங்க விபத்துகளில் பலரைக் கொன்றது வெடியன்று, கார்பன் மோனாக்சைடே என்று காட்டினார். தம் உடலிலேயே அந்த வாயுவைச் சோதித்தும் பார்த்தார். மனிதரைவிட விரைவில் மயங்கும் கானரிப் பறவையைக் கூண்டோடு கொண்டு செல்லும் வழக்கம் அவர் யோசனையால் வந்தது. பிரிட்டன் நாட்டுச் சுரங்கங்களில் 1986 வரையில் அந்தச் சிறு பறவையும் ஒரு கருவியாக இருந்தது.

இனி, நான் வகுப்பறையில் செய்த பிழைக்கு வருகிறேன். தட்டில் நீரூற்றி, நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கும் சோதனையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். சுடர் அணைகிறது; நீர் ஏறுகிறது. “உள்ளே இருந்த பிராணவாயு முழுவதும் தீர்ந்துவிட்டது; ஆகவே ஐந்தில் ஒரு பங்கு நீர் ஏறியது” என்று ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். அன்று மாலை ஒரு விபரீத ஆசை எழுந்தது. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றின் அடிப்புறத்தை அறுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மேல் கவிழ்த்து, விளிம்பைக் களிமண்ணால் பூசினோம். கேனின் வாய் வழியே குழலைச் செருகி ஈரத்துணியால் அடைத்தோம். பிராணவாயு 20, 19, 18 என்று இறங்கியது. சுடர் துடித்து அணைந்தபோது கருவி காட்டிய எண் 16க்கும் 17க்கும் இடையே!

பிராணவாயு தீரவே இல்லை. இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருந்தது. நீர் ஏறுவதற்குப் பெருங்காரணம், சூடேறி விரிந்து சிறிது வெளியேறிய காற்று, சுடர் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதே. நெருப்பு, உணவு முழுவதும் தீர்ந்தபின் சாவதில்லை. குறையத் தொடங்கும்போதே நோய்ப்படுகிறது. அந்த நோய்க்காலத்தில்தான் அது நஞ்சைக் கக்குகிறது. இதனை நான் சரியாகக் கற்பித்திருந்தால், என் வீட்டுச் சாளரத்தை அட்டையால் அடைத்திருப்பேனா?

கருவியையும் கண்மூடி நம்பலாகாது. அதன் வேதிக்கலங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திக் காலந்தோறும் அதனைச் சரிபார்க்க வேண்டும். வடிநீர்க் கிண்ணம் நிரம்பியிருந்தாலும், குழாயில் கீறல் இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் அது பொய் சொல்லும். நன்மை செய்யும் கருவியை நன்றாக வைத்துக்கொள்வது அதனைப் பயன்படுத்துபவரின் கடமை.

கீசரைத் துப்புரவு செய்து வெளிச் சுவருக்கு மாற்றினோம். மீண்டும் அளந்தபோது, அது வெளிவிட்ட காற்றில் 200 என்றிருந்த எண் 20க்கு இறங்கியிருந்தது. என் வேண்டுகோளின்படி அந்த மாணவர் எங்கள் தெருவில் வேறு சில வீடுகளிலும் சோதித்தார். கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டில், மூடிய குளியலறையின் காற்று எங்கள் வீட்டைவிடக் கேடாக இருந்தது. அந்த வீட்டாரும் நீலச் சுடரை நம்பியவர்களே.

மாணவர்களே, உங்கள் வீட்டில் கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் இன்றே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதன் இடம் காற்றோட்டமுள்ள வெளிச் சுவர். அதை மாற்றும் வரையில், வெந்நீரை வாளியில் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு, அறையில் காற்றோடிய பின்பு குளியுங்கள். காற்று வரும் வழியை எந்தப் பனிக்கும் அடைக்காதீர்கள். மூடிய அறையில் கரியடுப்பு, கணப்பு எதையும் எரியவிட்டுத் தூங்காதீர்கள். நெருப்புள்ள அறையில் தலை கனத்தால், காரணம் ஆராயாமல் முதலில் வெளியே வந்துவிடுங்கள், ஆராய்ச்சி பிறகு. ஆண்டுக்கு ஒரு முறையேனும் கருவியைத் துப்புரவு செய்து அளக்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. “மூடின அறைக்குள் நெருப்பு எரியலாமா?” என்று என் மனைவி கேட்டாளே, அந்தக் கேள்வியே அறிவியல். பாடம் சொல்கிறது என்று நான் அளித்த விடை அறிவியல் அன்று. அது வெறும் அதிகாரம். உங்கள் ஆசிரியர் எதைச் சொன்னாலும் மரியாதையோடு கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு, “ஐயா, அளந்து பார்க்கலாமா?” என்று பணிவோடு கேளுங்கள். நல்லாசிரியர் எவரும் அதற்குக் கோபிக்க மாட்டார். என்னிடம் அப்படி ஒரு பிள்ளை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தால், நான் அவனுக்கு இன்றளவும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன்.